ஐஸ் அறையில் ஐம்பத்தொரு சென்டிமீட்டர்

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் அலையை விட்டுவிட்டுத்தான் கடல் ஏற்றத்தைக் கணிக்கும் கணினி மாடலை ஓட்டினோம். கூட்டத்தில் சொன்னேன். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தப் புயல் எச்சரிக்கை மையத்தில் உண்மையைச் சொல்வதற்கும் மின்விசிறி சுற்றுவதற்கும் ஒரே மரியாதைதான்.

புயல் வந்தால் கடல் இரண்டு வழியில் ஊருக்குள் ஏறும். ஒன்று, காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டுவந்து கரையில் குவிப்பது. அதை எங்கள் மாடல் நன்றாகவே கணக்குப் போடுகிறது. இன்னொன்று, கரையோரம் உடையும் அலைகள். உடைகிற ஒவ்வொரு அலையும் தன் வேகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். மணிக்கணக்காக இப்படியே நடந்தால் கரையோரம் கடல் மேடு கட்டி நிற்கும். கடல் சட்டென்று ஆழமாகிற கரைகளில் இந்த மேடு அரை மீட்டருக்கு மேலேயே வரும். அரை மீட்டர் என்பது ஒரு வீட்டுக்குள் கட்டில் உயரம்.

அந்த அரை மீட்டரைத்தான் விட்டுவிடுகிறோம். காரணம்? அலையில்லாமல் ஓட்டினால் நாற்பது நிமிடம். அலையோடு ஓட்டினால் ஒன்பது மணி நேரம்.

ஹேமலதா மேடம்தான் எங்கள் தலைவர். கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை போகணும் பாரி. ஒன்பது மணி நேரம் ஓடுற மாடல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? புயல்கிட்ட மூணு மணி நேரம் டைம் கேக்கவா?"

"புது கம்ப்யூட்டர் கேளுங்க மேடம்."

"கேட்டாச்சு. நம்ம மாடல்தான் துறைமுக அளவோட அப்படியே ஒத்துப்போகுதே, அப்புறம் எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

சிலிண்டர் காலி. ரொட்டியும் வாழைப்பழமும்.

நவம்பர் 7, வெள்ளி

தெற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்கிறார்கள். அது வருவதற்குள் பனைமுனைக்குப்பத்துத் தடுப்புச் சுவரைப் படம் எடுத்து வர என்னை அனுப்பினார்கள். ஏழு மணி நேரம் பேருந்து. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் தூங்கினார்.

சுவர் நன்றாக இருக்கிறது. கருங்கல் அடுக்கு. சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 2.2 மீட்டர் உயரம். மூன்று வருடத்துக்கு முன் அடித்த புயலுக்குப் பிறகு, மையம் கொடுத்த அளவை வைத்துக் கட்டியது. ஊர்த் தரை 1.8 மீட்டர். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சுவரில் உட்கார்ந்து இரண்டு பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படம் எடுப்பதைப் பார்த்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஐஸ் உடைக்கும் கட்டை. செண்பகவல்லி. ஐஸ் கொட்டகை அவருடையது.

"நீங்கதான அந்தப் புயலுக்கு அப்புறம் அளக்க டேப்பு புடிச்சிட்டு வந்தது?"

ஆமாம் என்றேன். குழுவில் நாலு பேர் இருந்தோம்.

"மைக்குலயும் பேசுனீங்க. நல்லாப் பேசுனீங்க."

எதைச் சொல்கிறார் என்று தெரியும். அதை எழுத இப்போது நேரமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட்டில் கட்டிய ஐஸ் அறை. கனமான கதவு. கதவு நிலையில் சிவப்புப் பெயிண்ட்டில் 17 என்று எழுதி, அதன்மேல் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. தண்ணீர் ஏறிய தடங்களுக்கு ஆய்வுக் குழு எண் போடும். நம்பத்தகாத தடம் என்றால் அடித்துவிடும்.

"ரெண்டு தடவ கொட்டகைக்கு வெள்ளை அடிச்சேன். இத மட்டும் அடிக்கல," என்றார். "போட்டவரு வந்து பாக்கணும்னுதான்."

அதோடு விடவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்து, நடுவில் மூன்று இடத்தில் மட்டம் குறித்துக்கொண்டே வந்து, சுவர் உச்சியையும் அறைக்குள் இருக்கும் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கோடு அரைச் சாண் உயரமாம்.

"அந்தப் புயல்ல தண்ணி நின்ன எடத்தவிட தாழ்வா கல்ல போட்டுட்டு, தாண்டாதுங்குறீங்க. எப்புடி சார் அது? கடலு குனிஞ்சு வருமா?"

"அலை தெறிச்சிருக்கும்மா. தெறிப்பு உயரமா தெரியும்."

கட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கதவ சாத்தி வெச்ச ரூம்புக்குள்ள அலை எப்புடித் தெறிக்கும்?"

கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு. கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

கதவு சாத்திய அறை. தரையோடு இருக்கும் வடிகால் துளை வழியாகத்தான் தண்ணீர் ஏறியிருக்கும். உள்ளே அலை கிடையாது, தெறிப்பு கிடையாது. வெளியே கடல் எவ்வளவு உயர்ந்து நின்றதோ அதன் சராசரி மட்டும் அறைக்குள் அமைதியாக வந்து கோடு போடும். மொத்தக் கரையிலும் அதைவிடச் சுத்தமான அளவு கிடைக்காது.

சலவைக்குப் போட்ட சட்டை காயவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அன்வர். பழைய புயலை அலையோடு சேர்த்து ஓட்ட ஒன்பது மணி நேரம் வேண்டும் என்றேன்.

"யார்ரா அனுமதி குடுத்தது?"

"யாரும் இல்ல."

"அப்ப சரி. அனுமதி குடுத்தா ஃபைல் வரும், ஃபைல் வந்தா நான் படிக்கணும். ஓட்டிக்கோ."

காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்தது. பனைமுனையில் அலையில்லாமல் 1.7 மீட்டர். அலையோடு 2.29. செண்பகவல்லியின் கோடு, தரை 1.8-ஓடு ஐம்பத்தொரு சென்டிமீட்டர் சேர்த்து, 2.31.

துறைமுகத்திலோ இரண்டு ஓட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஏன் இருக்கும்? அளவுக் கருவி அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே இருக்கிறது. அலை வராத இடத்தில் ஒரு கருவியை வைத்து, அலையில்லாத மாடலை அதோடு ஒப்பிட்டு, "அப்படியே ஒத்துப்போகிறது" என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். குடைக்குள் நின்றுகொண்டு மழையில்லை என்று சொன்ன மாதிரி. திறந்த கரையில் எடுத்த பதினொரு தடங்கள் ஒத்துப்போகவில்லை. அத்தனையும் அடிக்கப்பட்டிருக்கின்றன. இந்த அறிவாளித்தனத்துக்கு விருது வேறு.

நவம்பர் 12, புதன்

ஹேமலதா மேடத்திடம் முடிவைக் காட்டினேன். படபடவென்று பேசிவிட்டேன். மையம் முட்டாள்தனம் செய்திருக்கிறது, மூன்று வருடமாகத் தவறான வரைபடம் போகிறது, சுவர் குட்டை, எல்லாம்.

அவர் அலமாரியைத் திறந்து பழைய கள ஆய்வுப் படிவங்களை எடுத்தார். பதினேழாம் எண்ணை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அலை தெறித்த தடம், நீக்குக. கீழ கையெழுத்து யாரோடது பாரி?"

என் கையெழுத்தை எங்கு பார்த்தாலும் எனக்குத் தெரியும். அந்த 'பா' யாருக்கும் வராது.

"துறைமுக அளவோட ஒப்பிட்ட கட்டுரை?"

"என்னோடது."

"விருது?"

"சுவத்துல மாட்டியிருக்கேன் மேடம். மேல சொல்லணுமா?"

"வேண்டாம்," என்றார். திட்டவும் இல்லை. அதுதான் எரிச்சல்.

தாழ்வு மண்டலமாகிவிட்டது. எங்கள் கரை நோக்கி வருகிறது.

நவம்பர் 13, வியாழன்

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. கரை கடப்பது ஞாயிறு காலை.

ஒரு வேலை செய்தேன். மொத்தக் கரைக்கும் அலை வேண்டாம், பனைமுனையைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு மட்டும் அலையைச் சேர்த்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அன்வர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான்.

அலையில்லாமல் 1.9. சுவருக்குக் கீழே, அதனால் வரைபடத்தில் ஆபத்தில்லாத பச்சை. அலையோடு 2.5. சுவருக்கு மேலே முப்பது சென்டிமீட்டர். அதன் முதுகில் ஏறி அலைகள் வேறு வரும்.

மேடத்திடம் ஓடினேன்.

"சரிபார்க்காத மாடல் அறிக்கையில போகாது."

"அந்த விதிய நீங்க மாத்தலாம்."

"ரெண்டு நாள்ல மாத்த முடியாது. கலெக்டர் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உங்க வரைபடத்துல பச்சையா இருக்கே மேடம்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? அந்தப் பச்சையப் பூசினது நாமதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கு?"

"பதினாலு."

"எழுதிக் குடு. லீவுல இருக்கறவன் எங்க போறான்னு நான் கேக்க மாட்டேன். மையத்தோட பேர்ல பேசினா மட்டும் கேப்பேன்."

நவம்பர் 14, வெள்ளி

எட்டாம் எண் கூண்டு. செண்பகவல்லிக்குப் போன் செய்தேன். ஊரைக் கிளப்புங்கள் என்றேன்.

"நான் சொன்னா கிளம்புமா? போன வருசம் ரெண்டு தடவ போங்கன்னாங்க, போனோம். ஒரு சொட்டு வரல. இழுத்துட்டுப் போன படகுல ஆறு ஒடஞ்சதுதான் மிச்சம். அதுக்கப்புறம் பஞ்சாயத்துல முடிவு எடுத்துட்டாங்க. சிவப்புல நம்ம ஊரு பேரு வந்தாத்தான் எந்திரிக்கிறதுன்னு. இப்ப பச்சை. கல்லு வேற இருக்கு."

"நீங்க டியூப் வெச்சுப் பாத்தத சொல்லுங்க."

"சொன்னேனே. என்ஜினியரு அடிச்ச கோட்ட நீ தூக்கிட்டு வர்றியான்னு சிரிச்சானுங்க." ஐஸ் உடைகிற சத்தம் கேட்டது. "நீங்க வாங்க. அடிச்சது தப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊரு முன்னால படிங்க. வாய்ப்பேச்சு பஞ்சாயத்துல நிக்காது."

"மையத்தோட பேர்ல எழுத முடியாதும்மா."

"மையமா வந்து டேப்பு புடிச்சுது?"

பேருந்து ஏறிவிட்டேன். மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது, சாலை சரியில்லை.

கடிதம் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் "பிழை ஏற்பட்டது" என்று இருந்தது. இரண்டாவதில் "பிழை நேர்ந்துவிட்டது." தானாக ஏற்பட்டது, தானாக நேர்ந்தது. நான் எங்கோ பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன் போல.

நவம்பர் 15, சனி

காலை பத்து மணி. வலை பின்னும் கூடத்தில் ஊர் கூடியிருந்தது. தூறல். கடல் சுவரின் காலைத் தொட்டுத் தொட்டுப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி பெஞ்சில். ஆண்கள் பாயில். பெண்கள் வெளியே, தார்ப்பாய்க்கு அடியில்.

கலியமூர்த்திதான் ஆரம்பித்தார். "தம்பி, இதே எடத்துல மைக்க புடிச்சு, இந்தக் கல்லத் தாண்டி ஒரு சொட்டு வராதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்ப வரும்ங்குறதும் நீங்கதான்?"

"ஆமா."

"நாளைக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவன். கூடம் சிரித்தது.

கடிதத்தைப் படித்தேன். இதில் ஒட்டுகிறேன்:

"பனைமுனைக்குப்பம் பஞ்சாயத்தாருக்கு. மூன்று வருடத்துக்கு முன் ஐஸ் அறைக்குள் தண்ணீர் நின்ற கோட்டை நான் பார்க்கவில்லை. அறைக்குள் நான் போகவே இல்லை. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர் செண்பகவல்லி. வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் நான். அவர் உள்ளேயிருந்து ஐம்பத்தொன்று என்று கத்தினார். என் மாடலோடு ஒத்துப்போகாததால் அவர் கூட்டிச் சொல்கிறார் என்று முடிவு செய்து அடித்தேன். இடத்தை நேரில் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்தேன். அது பொய். அந்தப் பொய்யின் உயரத்துக்குத்தான் உங்கள் சுவர் நிற்கிறது. நாளைக் காலை தண்ணீர் அதைத் தாண்டும். பாரிவேள்."

சிரிப்பு நின்றுவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் எழுந்தார். "நம்ம ஊருக்காரனா இருந்தா பஞ்சாயத்து முன்னால நெடுஞ்சாண்கிடையா விழச் சொல்லுவோம். இவரு படிச்சவரு, காயிதத்த நீட்டிட்டுப் போயிடுவாரு."

"விழமாட்டேன்," என்றேன். "விழுந்தா உங்களுக்கு மனசு ஆறிடும், வீட்டுக்குப் போய்ப் படுத்துருவீங்க. எனக்கு அது வேணாம். கோவமா இருங்க. கோவத்தோட லாரில ஏறுங்க."

"எகத்தாளத்தப் பாரு!"

"போகலன்னு வெச்சுக்கங்க. நான் பொய்யன்னு நிரூபிக்க இருநூத்திப் பன்னெண்டு வீட்டையும் பந்தயம் கட்டுறீங்க. நான் அவ்வளவு பெரிய ஆளு இல்ல."

வெளியிலிருந்து செண்பகவல்லியின் குரல் வந்தது. "தலைவரே, நான் மூணு வருசமா இதத்தான் கத்துறேன். அப்ப நான் பொய்யி, என்ஜினியரு நெசம்னீங்க. இப்ப அவரே தான்தான் பொய்யிங்குறாரு. அப்ப நான் யாரு?"

தார்ப்பாயில் மழை வலுத்தது.

கலியமூர்த்தி கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்பா பேரு எழுதல. போன் நம்பர் எழுதல."

எழுதினேன்.

"தண்ணி வரலன்னா?"

"நீங்க தங்கப்போற பள்ளிக்கூடத்துலதான் நானும் இருப்பேன். தேட வேண்டியதில்ல."

அவர் எழுந்து துண்டை உதறினார். "ஊரு எந்திரிக்குது. படகெல்லாம் ரோட்டுக்கு ஏத்துங்க. ஒரு வீட்டுலயும் ஆளு தங்கக்கூடாது, சொல்லிட்டேன்."

அதன்பின் மூன்று மணி நேரத்தில் அவர்கள் செய்ததை எங்கள் மையம் மூன்று மாதத்தில் செய்யாது. டிராக்டர், கயிறு, ஒவ்வொரு படகுக்கும் இருபது பேர். நானும் இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. "சார் கணக்குதான் தப்பாப் போடுவாருன்னு நெனச்சேன், கயிறும் தப்பாத்தான் புடிக்கிறாரு" என்றார் செண்பகவல்லி.

நவம்பர் 16, ஞாயிறு

காலை 6.40. பள்ளிக்கூடம், கடலிலிருந்து நாலு கிலோமீட்டர். எட்டாம் வகுப்பு அ பிரிவு. மின்சாரம் இல்லை. ஜன்னல் சட்டத்தை நானும் கலியமூர்த்தியும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

7.30. காற்று சட்டென்று திசை மாறியது. புயல் கரை கடந்துவிட்டது.

8.10. தண்ணீர் வரவில்லை என்று ஒருவன் என் காதுபட மூன்றாவது முறையாகச் சொல்கிறான். இங்கே எப்படி வரும், முண்டம்.

நவம்பர் 17, திங்கள்

விடிந்ததும் நடந்தே போனோம். சாலை முழுக்க மணல். சுவர் அப்படியே நிற்கிறது, ஒரு கல் நகரவில்லை. ஆனால் அதன் பின்னால் முதல் வரிசை வீடுகளுக்கு முன்சுவர் கிடையாது. ஒரு வீட்டின் கட்டில் அடுத்த வீட்டின் சமையலறையில் கிடந்தது. இரண்டாவது வரிசையில் கதவுகள் இல்லை. ஒரு பெண் தன் கிரைண்டரை மணலிலிருந்து தோண்டிக்கொண்டே கடலைத் திட்டினார். கேட்கத் தகுந்த வசவுகள்.

ஆள் எண்ணினார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். கலியமூர்த்தி இரண்டு முறை எண்ணச் சொன்னார். என் பக்கம் திரும்பினார், பிறகு படகுகளைப் பார்க்கப் போய்விட்டார். நன்றி எதிர்பார்த்து நான் வரவில்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருக்கவும் மாட்டேன்.

ஐஸ் கொட்டகைக்குக் கூரை இல்லை. ஐஸ் அறை நின்றது. கதவைத் திறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கெட்டுப்போன மீனும் சேறும் கலந்த நாற்றம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செண்பகவல்லி டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினார். "போங்க."

உள்ளே போனேன். முழங்கால் வரை சேறு. செல்போன் வெளிச்சத்தில் நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே மங்கலாக இன்னொன்று. அதை அப்போதே பார்த்திருக்கலாம். எட்டு அடி நடந்திருந்தால் போதும். சேற்றை விலக்கித் தரையில் டேப்பை ஊன்றினேன்.

"எழுபத்தி ரெண்டு!"

தரை 1.8. கூட்டினால் 2.52.

வெளியே பேனா மூடி திறக்கிற சத்தம். செண்பகவல்லி எழுதவில்லை.

"நெசமா அவ்ளோ இருக்கா சார்? தெறிச்சிருக்கப் போவுது."

"எழுதுங்கம்மா."

"இல்ல, கூட்டிச் சொல்லுவாங்க சில பேரு."

"எழுதுங்க!"

எழுதினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியதால் இரண்டு எண்களும் ஆடியிருக்கின்றன. வெளியே வந்ததும் கதவு நிலையின் பெருக்கல் குறியைச் சுரண்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அது இருக்கட்டும். அடுத்து டேப்பு புடிச்சு வர்றவன் பாக்கணும்."

நவம்பர் 24, திங்கள்

விளக்கம் கேட்டு நோட்டீஸ். அதிகாரபூர்வ அறிக்கைக்கு மாறாகப் பொதுமக்களுக்குத் தகவல் கொடுத்தது, கள ஆவணத்தில் பொய்த் தகவல் பதிவு செய்தது. இரண்டாவதற்கு ஆதாரம் நான் எழுதிய கடிதமேதான். கையெழுத்து ஹேமலதா மேடத்துடையது. உறையோடு ஒரு துண்டுச் சீட்டு: "பனைமுனைய மட்டும் வெச்சு ஓட்டின அந்த ரெண்டு மணி நாற்பது நிமிட ஓட்டத்தோட கோப்பெல்லாம் அன்வர்கிட்ட குடுத்துட்டுப் போ. டிசம்பருக்குள்ள சரிபார்க்கணும்."

விருதைச் சுவரிலிருந்து கழற்றினேன். சட்டம் நன்றாக இருக்கிறது, வேறு எதற்காவது ஆகும்.

பதில் எழுதிவிட்டேன். "இரண்டும் உண்மை. இரண்டாவதற்கு என்ன தண்டனையும் சரி. முதலாவதை மறுபடியும் செய்வேன்." அவ்வளவுதான். மன்னிப்பு, தாழ்மை, கனிவு எதுவும் சேர்க்கவில்லை.

இணைப்பாகப் புதிய கள ஆய்வுப் படிவம். எண் 17. தரையிலிருந்து எழுபத்திரண்டு சென்டிமீட்டர். இடத்தை நேரில் பார்த்தீர்களா: ஆம். பார்த்தவர்: பாரிவேள். அளவைக் குறித்தவர்: செண்பகவல்லி, ஐஸ் கொட்டகை, பனைமுனைக்குப்பம்.

படிவத்தில் சேறு ஒட்டியிருக்கிறது. துடைக்காமலே அனுப்புகிறேன்.